நமக்குப் பின் இப்பிள்ளைகள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அண்டி வளர்ந்த ஒரு பங்கில் நாம் பணியாற்றிக்கொண்டிருந்த காலம் அது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. புதுநன்மைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் கோடைக்கால மறைக்கல்வி முடியும் தறுவாயில், ஒரு தாய் தம் பதினொரு வயது மகளைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். கணவர் இரும்பாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். மற்றப் பிள்ளைகளோடு இவளும் வெள்ளையுடை உடுத்தி நற்கருணை வாங்கவேண்டும் என்பது தாயின் விண்ணப்பம்.

நாம் சிறுமியிடம் மூன்று கேள்விகள் கேட்டோம். முதற்கேள்விக்குச் சிரித்தாள். இரண்டாவதற்கு நம் மேசைமீதிருந்த பூசைமணியை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். மூன்றாவதை அவள் கேட்டதாகவே தெரியவில்லை. தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “புரிந்து வாங்கவேண்டிய திருவருட்சாதனம் அம்மா. இன்னும் சில வருடம் போகட்டும்” என்றோம். தாய் வழக்காடவில்லை. “சரிங்க சாமி” என்றவர், வாசற்படி வரை போய்த் திரும்பி, “பூசைக்கு மட்டும் கூட்டிட்டு வரலாங்களா?” என்று கேட்டார்.

அன்று அது நமக்குச் சிறிய கேள்வியாகவே பட்டது. “வரலாமே” என்று பெருந்தன்மையோடு விடையளித்ததாகவும் நினைவு. அக்கேள்வி நெஞ்சில் தைக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. தைத்த பிறகே, இத்தகைய பிள்ளைகளை உலகம் எப்பெயரிட்டு அழைத்தது, எங்கே வைத்தது, யார் கையில் ஒப்படைத்தது என்ற வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். குடும்பத்தின் அடையாளம் வெளிப்படாதவாறு சில விவரங்களை விடுத்து, படித்ததையும் கண்டதையும் வாசகர்முன் வைக்கிறோம்.

நம் மொழியின் பழைய ஏடுகளிலேயே இவர்களைப் பற்றிய குறிப்பு உண்டு. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறும் புறநானூற்று இருபத்தெட்டாம் பாடல், குறையுள்ள பிறப்புகள் எட்டினை வரிசைப்படுத்துகிறது. பார்வையற்றோர், கூனர், குள்ளர், ஊமையர், செவிடர் என்று செல்லும் அவ்வரிசையின் இறுதியில் நிற்பது மருள், அதாவது அறிவு மயங்கிய பிறப்பு. இப்பிறப்புகளால் பயனில்லை என்று அறிந்தோர் கூறியதாகவே புலவர் சொல்லிச் செல்கிறார். சங்கப் பாடலைப் பெருமையோடு மேற்கோள் காட்டும் நாம் இதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

திருச்சபையின் ஏடுகள் மட்டும் மாசற்றவை என்று சொல்லவரவில்லை. ஆயினும் அங்கே நாம் எதிர்பாராத இரண்டு செய்திகள் கிடைத்தன. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூய அகுஸ்தினார் எழுதிய ஒரு நூலில், ஊரார் பேதை என்று எள்ளிய ஒரு மனிதனைப் பற்றிய குறிப்பு வருகிறது. தன்னை எவர் எப்படிப் பழித்தாலும் பொறுத்துக்கொள்ளும் அவன், கிறிஸ்துவின் பெயரை எவரேனும் பழித்தால் மட்டும் பொறுக்கமாட்டானாம். மற்றது, பதின்மூன்றாம் நூற்றாண்டில் தூய தோமா அக்குவினார் எழுதிய இறையியல் தொகுப்பில் உள்ளது. அறிவுத்திறன் குன்றியவர்களுக்கு நற்கருணை வழங்கலாமா என்ற கேள்வியை எழுப்பி அவர் விடை கூறுகிறார். பார்வை மங்கியவனைக் குருடன் என்று உலகம் சொல்லிவிடுவது போலத்தான், அறிவு மங்கியவனை அறிவில்லாதவன் என்கிறோம். அத்தகையோர் இத்திருவருட்சாதனத்தின்பால் ஓரளவு பக்திகொள்ள வல்லவராதலின் அவர்களுக்கு அதை மறுத்தல் ஆகாது என்பது அவர் கூற்றின் சாரம். குருத்துவக் கல்லூரியில் அத்தொகுப்பின் மூன்றாம் பாகத்தைத் தேர்வுக்காகப் படித்தவர்தாம் நாம். அந்தப் பக்கத்தை எப்படித் தாண்டிப்போனோம் என்று இன்றும் விளங்கவில்லை.

1910ஆம் ஆண்டு திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் புதுநன்மைக்குரிய வயதை ஏழு அளவுக்குக் குறைத்தபோது வைத்த அளவுகோலும் எளியதே: சாதாரண அப்பத்துக்கும் நற்கருணை அப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை அறிந்தாற் போதும். மூன்று கேள்விகளை நாமாகச் சேர்த்துக்கொண்டோம்.

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், பெயர் தெரியாத ஃபிளாண்டர்ஸ் ஓவியர் ஒருவர் ஏறத்தாழ 1515இல் தீட்டிய பிறப்புவிழா ஓவியம் ஒன்று உள்ளது. குழந்தை இயேசுவைச் சூழ்ந்து நிற்கும் வானதூதருள் ஒருவரின் முகத்திலும், பின்னால் நிற்கும் இடையர் ஒருவரின் முகத்திலும் டவுன் சிண்ட்ரோமின் சாயல் தெளிவாகத் தெரிவதாக 2003இல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். நம் பழவேற்காட்டு மகிமை மாதா ஆலயமும் தன் தொடக்கமாகச் சொல்வது அதே 1515ஆம் ஆண்டைத்தான். போர்த்துக்கீசியர் ஏரிக்கரையில் மாதாவுக்கு ஆலயம் எழுப்பிய நாளில், கடல்களுக்கு அப்பால் எவரோ ஒரு கைவினைஞர் இப்பிள்ளைகளில் ஒருவரை மாதாவின் அருகிலேயே நிறுத்தியிருக்கிறார். ஓவியரின் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. அது நம் ஊகம்.

மருத்துவம் இவர்களுக்குத் தனிப்பெயர் இட்டது 1866இல். இங்கிலாந்தின் ஏர்ல்ஸ்வுட் காப்பகத்துக்குக் கண்காணிப்பாளராக இருந்த ஜான் லாங்டன் டவுன், அங்கிருந்தோரின் முகச்சாயலைக் கொண்டு அவர்களை இனங்களாகப் பிரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு பிரிவினருக்கு மங்கோலியர் சாயல் இருப்பதாகக் கருதி அப்பெயரையே சூட்டினார். அவருடைய இனக்கொள்கை தவறு. ஆனால் ஒரே வகையான பிள்ளைகள் என்று பிரித்துக் காணும் கண் அவருக்கு இருந்தது. 1868இல் அவரும் மனைவி மேரியும் நார்மன்ஸ்ஃபீல்ட் என்னும் இல்லத்தைத் தொடங்கி, தண்டனையின்றி, கைத்தொழிலும் நாடகமும் கற்பித்து அவர்களை வளர்த்தனர். அவர் மறைந்தபின், 1905இல் பிறந்த அவருடைய பேரனுக்கே இந்நிலை இருந்தது என்பது வரலாற்றின் விந்தை. மங்கோலியர் என்ற பெயரோ நெடுங்காலம் நிலைத்துவிட்டது. மங்கோலிய நாட்டுப் பிரதிநிதிகள் முறையிட்ட பின்னரே, 1965இல் உலக நல நிறுவனம் அதைக் கைவிட்டது. அதன்பின் நிலைத்தது டவுன் என்ற மருத்துவரின் பெயர். நம் பக்கத்துத் தாய்மாரிடம் அதுவும் குழப்பமே. ‘டவுன்’ என்றால் டவுன் பஸ் போகும் டவுன் அல்லவா? “கிராமத்திலேயே இருந்திருந்தா வந்திருக்காதுங்களா சாமி?” என்று ஒருவர் நம்மிடம் கேட்டதுண்டு.

வராமல் இருந்திருக்காது. அதை விளக்கும் அறிவு 1959இல்தான் உலகுக்குக் கிட்டியது. மனித உயிரணு ஒவ்வொன்றிலும் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம் என்னும் நுண்ணிழைகள் நாற்பத்தாறு. இப்பிள்ளைகளுக்கோ இருபத்தொன்றாம் இணையில் ஓரிழை கூடி நாற்பத்தேழு. பாரிஸ் நகரில் ரேமோன் துர்ப்பேனின் குழுவில் இதைக் கண்டறிந்தனர். உயிரணுக்களைச் சோதனைக் குப்பியில் வளர்க்கும் நுட்பத்தைத் தம் கைப்பணத்தைச் செலவிட்டு அமைத்தவர் மார்த்தா கோத்தியே என்னும் பெண் மருத்துவர். நுண்ணோக்கியில் கண்டதைப் படமெடுக்கக் கொண்டுசென்றவர் ஜெரோம் லெஜேன். கட்டுரை அச்சானபோது முதற்பெயர் லெஜேனுடையது. கோத்தியே பெயர் பிழையாக அச்சேறி நடுவில் நின்றது. லெஜேன் பின்னாளில் இப்பிள்ளைகளின் உயிருக்காக உலகெங்கும் வாதாடியவர். 2021இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்துள்ளது. அவர்மீதுள்ள மதிப்பினால் கோத்தியேயின் பங்கைக் குறைத்துச் சொல்லவேண்டியதில்லை. தொண்ணூறு வயதை நெருங்கும் வரை அப்பெண்மணி உரிய ஏற்பைப் பெறாமலே காத்திருந்தார். இப்பிள்ளைகளின் வரலாற்றில் பெண்களின் உழைப்பு மறைந்துபோவது அங்கும் தொடங்குகிறது.

ஆகவே கூடுதல் இழை ஒன்று, பெரும்பாலும் கருவுறும் முன்பே முட்டை உருவாகும்போது நேரும் பிரிவுப் பிழையால் வருகிறது. கிரகணத்தன்று வெளியே வந்ததாலன்று. அத்தை மகனை மணந்ததாலன்று. முன்னோர் செய்த பாவத்தாலுமன்று. பிறவிக் குருடனைக் கண்டு பாவம் செய்தவர் யார் என்று கேட்ட சீடர்களுக்கு ஆண்டவர் கூறிய மறுமொழி யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனாலும் நம் அன்பியக் கூட்டங்களில் அக்கேள்வி வேறு வேறு உருவில் எழத்தான் செய்கிறது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு மிகும் என்பது உண்மை. இருபது வயதில் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறில் ஒன்றாக இருப்பது நாற்பதில் நூறில் ஒன்றாகிறது. எனினும் இளந்தாயரே மிகுதியாகப் பிள்ளை பெறுவதால், இப்பிள்ளைகளில் பலருக்கு இளவயதுத் தாயரே உள்ளனர்.

இனி, இவர்களை வளர்த்தவர்களைப் பற்றி.

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பகங்கள் பெருகின. சென்னையில் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் அமைந்தது. அவ்வூர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கிவிட்ட புண்ணியம் நம் தமிழ்ச் சமூகத்துக்கு உண்டு. ஆனால் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் மிகப்பெரும்பாலோர் இங்கே வீட்டிலேயே இருந்தனர். இதைக் குடும்பப் பாசத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவோர் உண்டு. பாசம் இருந்தது, மெய்தான். அதோடு இன்னொன்றும் இருந்தது: அப்பிள்ளைகள் நெடுங்காலம் வாழவில்லை. ஏறத்தாழப் பாதிப்பேர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள். வசதிமிக்க அமெரிக்காவிலேயே 1929இல் இவர்களின் சராசரி ஆயுள் ஒன்பது ஆண்டுகள்தாம். தாய் பிள்ளையைப் புதைத்தாள். பிள்ளை தாயைப் புதைக்கவில்லை.

இக்கவலையை முன்கூட்டியே அறிந்த ஒரு குடும்பத்தை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். பிரெஞ்சுத் தளபதி சார்லஸ் தெ கோலும் மனைவி இவோனும் பக்தியுள்ள கத்தோலிக்கர். அவர்களுடைய மூன்றாம் பிள்ளை ஆன் 1928 சனவரி முதல் நாள் பிறந்தாள்; டவுன் சிண்ட்ரோம். அக்கால உயர்குடிகள் செய்தது போல அவளைத் தொலைவிலுள்ள இல்லத்தில் ஒப்படைத்து மறந்துவிடுமாறு கூறியவர்கள் இருந்திருப்பர். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. லெபனானுக்கு மாற்றலானபோது அங்கும், 1940இல் பிரான்சு வீழ்ந்து தாய் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குத் தப்பியோடியபோது அங்கும் ஆன் உடன் சென்றாள். எவரிடமும் சிரித்துப் பேசாத நெட்டையான அத்தளபதி, மகளோடு மட்டும் பாட்டுப்பாடி விளையாடுவாராம். ஆனால் பாசம் அவர்கள் கண்ணை மறைத்துவிடவில்லை. தங்களுக்குப் பின் இவளுக்கு யார் என்ற அச்சம் தாயை வாட்டிக்கொண்டிருந்தது. 1945இல் ஆன் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவி, பாரிசுக்கு அருகில் ஒரு மாளிகையை வாங்கி, இத்தகைய பெண்பிள்ளைகளுக்கு இல்லமாக்கினார்கள். தளபதியின் நினைவுக்குறிப்பு நூலின் வருவாயும் அதற்கே சென்றது. ஆன் 1948இல் நிமோனியாக் காய்ச்சலால் இருபது வயதில், பெற்றோர் உயிரோடிருக்கையிலேயே இறந்தாள். 1970இல் தெ கோலை அவர் விருப்பப்படி சிற்றூர்க் கல்லறையில் மகளுக்கு அருகிலேயே அடக்கம் செய்தனர்.

அவர்கள் தப்பியோடியது எதனிடமிருந்து என்பதையும் நினைக்கவேண்டும். அதே ஆண்டுகளில் ஹிட்லரின் அரசு, உடல் மனக் குறையுள்ளோரைப் பயனற்ற உயிர்கள் எனத் தீர்ப்பிட்டு, 1941 ஆகஸ்டுக்குள் 70,000க்கும் மேற்பட்டோரை நச்சுவாயுவால் கொன்றுவிட்டது. அம்மாதம் மூன்றாம் நாள் மூன்ஸ்டர் ஆயர் கிளெமென்ஸ் ஃபான் காலென் மறையுரை மேடையில் ஏறி அதை வெளிப்படையாகக் கண்டித்தார். வாயறைகள் நிறுத்தப்பட்டன, மறைவான கொலைகள் போர் முடியும்வரை தொடர்ந்தன.

போருக்குப் பின் உயிர்கொல்லி நுண்ணுயிரிகளுக்கு மருந்தும், இதயத்துக்கு அறுவை மருத்துவமும் வந்தன. ஒன்பதாக இருந்த சராசரி ஆயுள் 1983இல் அமெரிக்காவில் இருபத்தைந்தானது. இன்று மேலை நாடுகளில் ஏறத்தாழ அறுபது. நம் நாட்டிலும் முப்பது, நாற்பது வயதைக் கடந்தவர்களைக் காண்கிறோம். மனித வரலாற்றில் முதன்முறையாக இப்பிள்ளைகள் பெற்றோருக்குப் பின்னும் வாழப்போகிறார்கள். மகிழவேண்டிய இச்செய்தியைத் தாய் ஒருத்தியிடம் சொல்லிப் பாருங்கள். அவள் முகம் மலர்ந்து, உடனே வாடுவதைக் காண்பீர்கள். தெ கோல் வீட்டில் எழுந்த அதே கேள்விதான். மாளிகை வாங்க இவளிடம் பணமில்லை.

பெற்றோர் ஒன்றுகூடியதும் இக்காலத்தில்தான். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முன்னின்று நடத்திய கில்ட் ஆஃப் சர்வீஸ் 1953இல் கீழ்ப்பாக்கத்தில் பாலவிகார் பள்ளியைத் தொடங்கியது. பிரான்சில் ஒரு தம்பதியர் தம் இரு மைந்தர்களை மறைமாவட்டத் திருப்பயணத்தில் சேர்க்கும்படி கேட்டபோது, அவர்களுக்கு ஒன்றும் புரியாது, பிறருக்கு இடையூறு என்று மறுக்கப்பட்டது. தனியே லூர்து சென்றார்கள். விடுதியிலும் அறைக்குள்ளேயே உணவு. அந்த அவமானத்தைக் கேட்டறிந்த மரி எலேன் மத்தியூவும் ஜான் வானியேயும் 1971 உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் பேரை, இத்தகைய பிள்ளைகளை முன்னிறுத்தி, லூர்துக்கு அழைத்துச் சென்றனர். அதிலிருந்து பிறந்ததே நம்பிக்கையும் ஒளியும் என்ற இயக்கம். இதே வானியே 1964இல் தொடங்கிய லார்ச் இல்லங்களின் இந்தியக் கிளை 1970இல் பெங்களூரில் ஆஷா நிகேதன் என்று மலர்ந்து, பின்னர்ச் சென்னைக் கொட்டிவாக்கத்துக்கும் வந்தது. வானியே தம்மிடம் ஆன்ம வழிகாட்டல் நாடிவந்த பெண்கள் சிலரிடம் முறைகேடாக நடந்தார் என்பதை 2020இல் லார்ச் அமைப்பே விசாரித்து வெளியிட்டது. ஒருகாலத்தில் அவருடைய நூல்களைத் தியானங்களில் வாசித்தவர் நாம், இன்று வாசிப்பதில்லை. இல்லங்கள் அவரைவிடப் பெரியவை. அவற்றைத் தாங்கியவர்கள் பெயர் தெரியாதவர்கள்.

சென்னைத் தாய் ஒருவரும் இவ்வரிசையில் நிற்கிறார். தம் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று அறிந்தபின் சுரேகா ராமச்சந்திரன் 1984இல் பெற்றோருக்காகத் தமிழ்நாடு டவுன் சிண்ட்ரோம் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் அது நாடு தழுவிய கூட்டமைப்பாயிற்று. மகப்பேற்று அறையில் மருத்துவர் கைவிரித்த பின், அதே வழியைக் கடந்த இன்னொரு தாய் வந்து கட்டிலருகே அமர்வது எத்தகைய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்களே சொல்லவேண்டும்.

கீழ்ப்பாக்கமும் கொட்டிவாக்கமும் கும்மிடிப்பூண்டிக்கு எத்தனை தொலைவு? வரைபடத்தில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர். வேலை நாளில் அது வேறு கணக்கு. நம் பகுதிக் குடும்பங்கள் தென்மாவட்டங்களிலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும், அண்மைக் காலமாக ஒடிசா, பீகாரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவை. ஊரில் பாட்டி இருந்தாள், அத்தை இருந்தாள், திண்ணை இருந்தது. பிள்ளை தெருவில் திரிந்தாலும் யாரோ ஒருவர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. இங்கே ஓரறை வாடகை வீடு. கணவருக்கு மூன்று ஷிப்டு. இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்குபவரை எழுப்பிவிடாமல் பிள்ளையை அமைதியாக வைத்திருக்கவேண்டும். வெளியே விட்டால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள். நாம் சென்ற வீடுகளில் சிலவற்றில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் இருக்கும். அதைக் கண்டு சிறை என்று எண்ணிவிடலாம். குழாயடிக்குப் போய்வரும் பத்து நிமிடத்துக்கு அந்தத் தாய்க்கு இருக்கும் ஒரே துணை அதுதான்.

ஊனச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் மாவட்டத் தலைநகருக்குப் போகவேண்டிவரும். திருவள்ளூர் 1997 சனவரியில் தனி மாவட்டமாயிற்று. ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு நேர் இரயில் கிடையாது. ஒன்று கூடூர் வழி, மற்றது அரக்கோணம் வழி. சென்னைக்குப் போய் வண்டி மாறவேண்டும். இல்லையேல் ஊத்துக்கோட்டை வழியே பேருந்து. ஒரு நாள் கூலி போகும். மருத்துவர் அன்று விடுப்பு என்றால் இரண்டு நாள்.

சட்டங்கள் இல்லாமலில்லை. வேலை செய்வோரின் பிள்ளை மனவளர்ச்சிக் குறையால் பெற்றோரையே முழுதும் சார்ந்திருந்தால், வயது வரம்பின்றி ஈ.எஸ்.ஐ. மருத்துவ உதவிக்குரிய குடும்பத்தில் சேர்வதற்கு 1948ஆம் ஆண்டுச் சட்டமே இடமளித்தது. 1995இன் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், தொழிலாளி இறந்தால் நிரந்தரமாக முற்றிலும் இயலாநிலையிலுள்ள பிள்ளைக்கு வயது பாராமல் மாத ஓய்வூதியம் வழங்க வகைசெய்தது. தொழிற்பேட்டைத் தொழிலாளர்களில் எத்தனைபேர் இதை அறிவார்கள்? வாரிசுப் படிவத்தில் மனைவியின் பெயரையும் ‘நல்ல’ பிள்ளைகளின் பெயரையும் எழுதி, இப்பிள்ளையை விட்டுவிட்ட படிவங்களை நாமே பார்த்திருக்கிறோம். வெட்கத்தினாலன்று, எழுதிப் பயனென்ன என்ற எண்ணத்தினால். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் சேமநிதிக் கணக்கும் அறுந்துபோவது தனிக்கதை.

1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இன்னும் முக்கியமானது. பிள்ளைக்குப் பதினெட்டு நிறைந்தவுடன், சட்டத்தின் பார்வையில் அவர் தனியாள். பெற்றோர் என்பதனாலேயே அவர்கள் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலராக அமர்த்தப்பெற வேண்டும். பெற்றோர் உயிரோடிருக்கையிலேயே, தங்களுக்குப் பின் வருபவர் யார் என்பதையும் பேசி முடிவுசெய்ய அதுவே தக்க வேளை.

அந்தச் சிறுமியின் வரலாற்றை இடையில் விட்டுவிட்டோம். நாம் அப்பங்கிலிருந்து மாற்றலாகிச் சென்ற மறு ஆண்டே, நமக்குப் பின் வந்த குருவானவர் அவளுக்குப் புதுநன்மை வழங்கியிருக்கிறார். கேள்வி எதுவும் கேட்கவில்லையாம். மறைக்கல்வி கற்பித்த அருட்சகோதரி ஒருவர் ஆறுமாதம் ஞாயிறுதோறும் அவளைப் பக்கத்தில் அமர்த்தி, எழுந்தேற்றத்தின்போது அவளையே மணி அடிக்கவைத்துப் பழக்கியிருக்கிறார். நம் மேசையிலிருந்து எடுத்து ஆட்டினாளே, அதே மணிதான். அந்த அருட்சகோதரியே வற்புறுத்திச் சென்னையில் காதுச் சோதனையும் செய்யவைத்தார். இரு செவியிலும் கேள்வித்திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. இப்பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அக்குறை உண்டு என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். நம் மூன்றாவது கேள்வி அவளுக்கு உண்மையாகவே கேட்டிருக்காது.

2020இல் உரோமையிலிருந்து வந்த மறைக்கல்விப் புதிய வழிகாட்டி, குறையுடையோருக்குத் திருவருட்சாதனங்களை எவரும் மறுக்கலாகாது, வழிபாடு அறிவால் விளங்குமுன் வாழ்ந்து பெறவேண்டியது என்று தெளிவாகக் கூறுகிறது. நாம் அதைப் படித்தபோது அவளுக்கு வயது இருபத்தேழு இருக்கும்.

சென்ற ஆண்டு அக்குடும்பத்தை மீண்டும் கண்டோம். மகளுக்கு முப்பது கடந்துவிட்டது. சிறுவயதிலேயே சென்னை அரசு மருத்துவமனையில் இதயத் துளையை அடைத்திருந்ததால் உடல் திடமாகவே இருக்கிறாள். காய் நறுக்குகிறாள், தந்தையின் துவைத்த சட்டைகளை மடித்து வைக்கிறாள், ஞாயிறு மணியை இன்றும் அவளே அடிக்கிறாளாம். தைராய்டு மாத்திரை நாள்தோறும். அண்மைக் காலமாகச் சில சொற்களை மறக்கிறாள் என்று தாய் தாழ்ந்த குரலில் சொன்னார். இவர்களுக்கு நாற்பதைக் கடந்தால் மறதிநோய் முன்கூட்டியே வரும் வாய்ப்பு மிகுதி. தைராய்டு மாறுபாட்டாலும் அப்படித் தோன்றலாம். மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறோம். தாய்க்கு அறுபது ஆகிறது, முழங்கால் வலி. தந்தை ஓய்ந்துவிட்டார். சேமநிதிப் பணம் பாதிக் காலத்துக்கே வந்து சேர்ந்தது.

பாதுகாவலர் விண்ணப்பத்தை அவர்களோடு அமர்ந்து நாமே நிரப்பினோம். தாயின் பெயர், தந்தையின் பெயர், முகவரி எல்லாம் எழுதியாயிற்று. “நீங்க ரெண்டு பேரும் இல்லாத காலத்துல யாரும்மா?” என்று கேட்டபோது பேச்சு நின்றது. எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் வேலை செய்யும் மகன், “நான்தான் சாமி, என் பேரைப் போடுங்க” என்றான். திருமணமாகி இரண்டு ஆண்டுகள். அவன் மனைவி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தாய் மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, “அவசரமில்லீங்க சாமி, அவங்க ரெண்டு பேரும் பேசிக்கட்டும்” என்றார். அந்த ஒரு பெயரை மட்டும் எழுதாமல் விட்டோம்.

போன வாரம் மருமகளே தொலைபேசியில் அழைத்து, திருவள்ளூருக்கு எப்போது போகிறீர்கள், தானும் வரலாமா என்று கேட்டாள். வரும் செவ்வாய்க்கிழமை ஊத்துக்கோட்டை வழிப் பேருந்தில் ஐவரும் செல்கிறோம். சன்னலோர இருக்கை தனக்குத்தான் என்று மகள் இப்போதே எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறாளாம்.